கடலுக்கு ஒரு சங்கு

அத்தியாயம் 11

ஸ்கூட்டரில் ஒரு பொருளை வைத்துக் கட்டும்போது, மனைவி உட்கார இடம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற புருஷன்மார்கள் காரைக்குடியில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. சகாய ஆண்டனி அந்தக் கணக்கில் வரமாட்டார்.

பின் சீட்டின் குறுக்கே கீபோர்டு பை கிடந்தது. அதன் இரண்டு முனைகளும் வண்டிக்கு வெளியே ஒவ்வொரு முழம் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏங்க, நான் எங்க உக்காரட்டும்? அது மேலயா?"

"கொஞ்சம் ஒட்டி உக்காரு ஷீலா. அந்த ஸ்டாண்டை மடியில வச்சுக்க."

"இன்னைக்கு கீபோர்டுக்கு வேலையே இல்லைன்னு நேத்தே சொன்னேனா இல்லையா?"

"வேலை இல்லைன்னா ஓரமா இருந்துட்டுப் போகுது. பெத்தவுக வந்து பாக்குறப்ப ஒரு வாத்தியம்னு கண்ணுல பட வேணாமா? கரண்டியும் டம்ளருமா பரப்பி வச்சா, பாட்டு வகுப்பா பாத்திரக்கடையான்னு கேக்க மாட்டாகளா?"

ஆரோக்கிய ஷீலாவிடம் பதில் இருந்தது. சொல்ல ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. ஸ்டாண்டை மடியில் வாங்கிக்கொண்டு, கிடைத்த நான்கு விரற்கடை இடத்தில் உட்கார்ந்தாள்.

வேறு நாளாக இருந்தால் பையை இறக்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருப்பாள். இந்தப் பத்து நாளாக அவளுக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பதினான்கு வருஷம் மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசித்தவர். சென்னையில் இசை படித்து, கிரேடு சான்றிதழ்களோடு ஊர் திரும்பிய அருள் பிரகாஷுக்குப் பங்குச் சாமியார் அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார். "ஆண்டனி, நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று அன்பாகத்தான் சொன்னார். அன்று முதல் தபால் ஆபீஸ் விட்டு வந்ததும் ஆண்டனி சத்தமில்லாமல் டி.வி. பார்க்கிறார். சத்தத்தைக் கூட்டினால் "எதுக்கு?" என்கிறார்.

அதனால்தான் பொறுத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் இன்றைக்குப் பொறுக்கிற நாளா?

செக்காலைப் பக்கம் இருக்கும் அந்த மழலையர் பள்ளியை நடத்துகிறவர் ஆண்டனியின் அக்கா மெர்சி. ஷீலா அங்கே எட்டு வருஷமாக யு.கே.ஜி. டீச்சர். ஏ ஃபார் என்று தொடங்கி இசட்டில் முடித்து மறுபடி ஏ ஃபார் என்று தொடங்குகிற வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பீரியட் கேட்டு வாங்கினாள். பாட்டுப் பீரியட்.

பாட்டு என்றால் ச ரி க ம அல்ல. ஆறு வரியில் ஒரு சின்னப் பாட்டு. அதில் வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் பிள்ளைகள். "மழைக்கு எது?" என்று ஷீலா கேட்பாள். ஒருத்தன் டம்ளரைத் தட்டுவான், ஒருத்தி தரையைத் தட்டுவாள், சண்டை வரும், கடைசியில் ஏதோ ஒன்று நிற்கும். தன் சொல் வரும்வரை காத்திருந்து, அது வந்ததும் அடித்து, உடனே நிறுத்த வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு, அடிக்காமல் இரு என்று சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும் அவள் பட்ட பாடு.

எட்டு வருஷத்தில் அவளே யோசித்து, அவளே செய்து பார்த்த காரியம் இது ஒன்றுதான். போன வாரம் மெர்சி கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் செய்து காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் திங்கட்கிழமை முதல் வாரத்துக்கு மூன்று பீரியட். பிடிக்காவிட்டால் அந்த நேரம் அபாகஸ் கணக்கு வகுப்புக்குப் போய்விடும்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

---

பள்ளி வாசலில் மெர்சி நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் சாவிக்கொத்து. தம்பியின் வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடா தம்பி. கீபோர்டு கொண்டாந்துட்டியா? அங்குட்டு மேடையில நடுவுல வச்சிரு."

"மதினி, நடுவுல பிள்ளைக நிக்கணும்" என்றாள் ஷீலா.

"பிள்ளைகளை ரெண்டு பக்கமும் பிரிச்சு நிறுத்து. நடுவுல இது இருந்தாத்தான் போட்டோவுல நல்லாருக்கும். போனைக் குடு."

டீச்சர்களின் போன்கள் பள்ளி விடும் வரை மெர்சியின் மேஜை டிராயரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். காலையிலிருந்து அந்தப் போனைத் திறந்துகூடப் பார்க்க நேரமில்லை ஷீலாவுக்கு. எடுத்து நீட்டினாள்.

"அப்புறம் ஷீலா, ஒரு இங்கிலீஷ் ரைம்ஸும் சேர்த்துக்க. எல்லாம் தமிழாவே இருந்தா பெத்தவுக என்ன நினைப்பாக?"

"இன்னும் ஒன்றரை மணி நேரந்தான் மதினி இருக்கு."

"சின்னதா ஒண்ணு போதும்."

"சின்னதுக்கும் சத்தம் கண்டுபிடிக்கணுமே."

"சத்தந்தானே? தம்பி கீபோர்டுல நூறு சத்தம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மெர்சி நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.

வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகளும் தங்கள் சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எவர்சில்வர் டம்ளர் எட்டு. மணல் போட்டு மூடிய தண்ணீர் பாட்டில் ஆறு. அழகி என்கிற பெண் வீட்டிலிருந்து முறம் கொண்டு வந்திருந்தாள், அதில் சோழிகளைப் போட்டு ஆட்டினால் ஆறு ஓடுகிற மாதிரியே இருக்கும்.

கார்த்திகேய சிவம் கையில் ஒரு சங்கு.

அது மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது. "கடலுக்கு எது?" என்று ஷீலா கேட்டபோது அவன்தான் எழுந்து, "எங்க வீட்டுல கடல்ல இருந்து வந்ததே இருக்கு டீச்சர்" என்றான். திங்கட்கிழமை துணியில் சுற்றிக் கொண்டு வந்தான். அவன் அப்பச்சி, அதாவது அப்பா, ஊதச் சொல்லிக் கொடுத்தாராம். மூன்று தடவை ஊதினால் ஒரு தடவை 'பூ' என்று மெலிதாக வரும். மற்ற இரண்டு தடவையும் எச்சில்தான் வரும். அந்த ஒரு 'பூ'வுக்கே வகுப்பு கை தட்டியது. ஷீலாவும் தட்டினாள்.

"எல்லாரும் இங்குட்டுப் பாருங்க. டீச்சர் கையை மூடுனா என்ன?"

"நிப்பாட்டணும்!"

"மேகத்துக்கு என்ன சத்தம்?"

இருபத்து மூன்று பேரும் வாயில் விரலை வைத்தார்கள். மேகத்துக்குச் சத்தம் கிடையாது என்று சொன்னதும் அவர்களே. இடி என்று ஒருத்தன் சொல்லிப் பார்த்தான். அது இடிக்கு உரிய சத்தம், மேகம் சும்மாதான் வரும் என்று அழகி அவனை அடக்கிவிட்டாள். அதனால் மேகம் வரும்போது நான்கு எண்ணும் வரை யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. பாட்டிலேயே கஷ்டமான இடம் அதுதான். அதைப் பழக்குவதற்குள் ஷீலாவுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

---

பத்தரைக்கு ஹால் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் அழகியின் அப்பா மாயக்கண்ணன், ரைஸ்மில்காரர், வெள்ளை வேட்டியும் தங்கச் சங்கிலியுமாக. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, கார்த்திகேய சிவத்தின் அம்மா சிட்டாள் ஆச்சி. ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைக்க வேண்டாம், நகரத்தார் வீடுகளில் முப்பது வயதிலும் ஆச்சிதான். கானாடுகாத்தானில் குடும்பத்து வீட்டை ஹோட்டலாக்கி நடத்துகிறவர். வந்ததிலிருந்து போனில் யாரோ சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மெர்சி வரவேற்றுப் பேசினார். பிள்ளைகள் மேடை ஏறினார்கள். கீபோர்டுக்கு இடது பக்கம் பதினொருவர், வலது பக்கம் பன்னிரண்டு பேர். நடுவில் ஆண்டனி, தபால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், பத்து நாளைக்கு அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஷீலா கையை உயர்த்தினாள். பிள்ளைகள் தொடங்கினார்கள்.

"மேட்டு மேலே மேகம் வந்தா..."

இருபத்து மூன்று விரல்கள் இருபத்து மூன்று வாயில்.

டும் சக டும் சக டும் சக டும்!

ஷீலா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆண்டனி ஒரு பொத்தானை அமுக்கியிருந்தார். கீபோர்டு தானாகவே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அதற்கு மேல் இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேகம் முடிந்ததா, முடியவில்லையா? வாயில் வைத்த விரலை எடுக்கலாமா? சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. ஒருத்தன் டம்ளரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் அடி வாங்கினான். அழகி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஷீலா கையை மூடிக் காட்டினாள். நிறுத்துங்கள் என்று அர்த்தம். ஆண்டனி அதைப் பார்த்துவிட்டுச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"பிள்ளைக பயந்துட்டாக போலிருக்கே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பாடவே வரலையே" என்றது இன்னொன்று.

மூன்று மாதம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் தொண்டை கிழியக் கத்திய மூன்று மாதம். அது டும் சக டும் சக என்று கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது. நேராகச் சுவர்ப் பக்கம் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஹால் அமைதியானது. ஆண்டனியின் விரல்கள் மட்டும் இன்னும் இரண்டு கட்டையை அமுக்கிப் பார்த்தன.

"கரண்ட் போயிருச்சா?" என்றார்.

"ஆமா" என்றாள் ஷீலா. "பிள்ளைகளா, முதல்ல இருந்து."

"மேட்டு மேலே மேகம் வந்தா..."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மேடையில் ஒரு சத்தம் இல்லை. கூட்டமும் தன்னை அறியாமல் அடங்கியது. சிட்டாள் ஆச்சி போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"ஓட்டு மேலே மழை வரும்!"

எட்டு டம்ளர், எட்டுக் கரண்டி. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எல்லாம் சேர்ந்து. ஷீலா கையை மூடியதும் மழை நின்றது.

"ஓட்டு மேலே மழை வந்தா
ஓடி ஓடி ஆறு வரும்!"

முறத்தில் சோழி உருண்டது. மணல் பாட்டில்கள் அந்தப் பக்கம் சாய்ந்து இந்தப் பக்கம் சாய்ந்தன. மாயக்கண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, மகள் முறத்தை ஆட்டுகிற அழகை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு ஓடிக் கடலைச் சேர்ந்தா..."

கார்த்திகேய சிவம் இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு சங்கில் வாயை வைத்தான். கடவுளே, எச்சில் வராமல் இருக்க வேண்டும் என்று ஷீலா வேண்டிக்கொண்டாள்.

வேண்டுதல் கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது. மூன்று வாரமாக வராத சத்தமெல்லாம் சேர்ந்து, 'பூம்ம்ம்' என்று ஹாலை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

மாயக்கண்ணனும் எழுந்தார்.

"என்ன டீச்சர் இது? யாரு செத்துட்டாக? பச்சப் பிள்ளைக உக்காந்திருக்கிற இடத்துல சங்கு ஊதுறீக!"

ஷீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டுத் தெருவில் சாவு விழுந்தால் மாதா கோயில் மணிதான் அடிக்கும். ஊருக்குள் சாவு ஊர்வலங்களில் சங்குச் சத்தம் கேட்டிருக்கிறாள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை கடல் என்று சொல்லி நீட்டியபோது அவளுக்கும் கடல்தான் நினைவுக்கு வந்தது.

"உக்காருங்க" என்றார் சிட்டாள் ஆச்சி. "அது எங்க வீட்டுச் சங்கு."

"அதை ஏன் ஆச்சி இங்க குடுத்து விட்டீக?"

"ஏன், சாவுக்கு மட்டுந்தான் சங்கா? எங்க கல்யாணத்துல திருப்பூட்டையில சங்குதான் ஊதுவோம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் என் கழுத்துல தாலி ஏறுச்சு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அது உங்க வீட்டுல. எங்க பக்கம் சங்கு கேட்டா பந்தல்காரனுக்கு ஆள் போகும்."

"அப்ப உங்க பிள்ளை காதை நீங்க பொத்துங்க. என் பிள்ளை ஊதுறதை ஏன் தடுக்குறீக?"

பின் வரிசையில் பாதிப் பேர் ஆச்சி பக்கமும் பாதிப் பேர் ரைஸ்மில் பக்கமும் பேச ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவர் இதற்குப் பரிகாரம் உண்டா என்று கேட்டார். யாரோ ஒருவர் இதெல்லாம் போன வருஷ ஆண்டு விழாவில் இட்லி தீர்ந்துபோனதிலிருந்தே சரியில்லை என்றார். மெர்சி கைகூப்பிக்கொண்டு முன்னால் ஓடினார்.

"மன்னிச்சுக்கங்க, டீச்சர் தெரியாம செஞ்சுட்டாக. இனிமே இந்த மாதிரி நடக்காது. ஷீலா, அந்தச் சங்கை வாங்கி உள்ள வை!"

கார்த்திகேய சிவம் சங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவன் உதடு பிதுங்கியது.

அவன் முகத்தைப் பார்த்ததும் ஷீலாவுக்கு அலுத்துப் போயிற்று. புருஷன் ஒரு பக்கம், மதினி ஒரு பக்கம், சங்கு ஒரு பக்கம். அத்தனை சத்தத்துக்கும் நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், கையை உயர்த்தி மூடினாள்.

மேடையில் இருபத்து மூன்று பேரும் சிலையானார்கள். கீழே ஒருவரும் நிறுத்தவில்லை. மாயக்கண்ணன்தான் எல்லாரையும் விட உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

அழகி மேடை ஓரத்துக்கு வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"டீச்சர் கையை மூடிட்டாக. நிப்பாட்டணும்னு தெரியாதா உங்களுக்கு?"

மாயக்கண்ணனின் வாய் அப்படியே நின்றது.

"இந்த மாமாவும்" என்று அழகி ஆண்டனியைக் காட்டினாள். "இந்த மாமாவும் நிப்பாட்டவே இல்ல."

முதலில் சிரித்தவர் சிட்டாள் ஆச்சி. பிறகு ஹால் முழுவதும் சிரித்தது. மாயக்கண்ணன் சங்கடமாகத் தலையைத் தடவிக்கொண்டு, "சரி சரி, கடல் வரட்டும், அலை வரட்டும்" என்று உட்கார்ந்தார். சமாதானம் என்று சொல்ல முடியாது. மகளுக்குப் பயந்து உட்கார்ந்தார் என்பதுதான் சரி.

பாட்டு மறுபடி முதலிலிருந்து நடந்தது. மேகம் வந்தது, மழை வந்தது, ஆறு வந்தது. சங்கிலிருந்து இந்தத் தடவை எச்சில்தான் வந்தது. ஆனாலும் "ஆடி ஆடி அலை வரும்" என்று இருபத்து மூன்று பேரும் கத்தி முடித்தபோது, கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஷீலாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

---

பெற்றோர் கிளம்பும்போது மெர்சி டீச்சர்களின் போன்களைத் திருப்பிக் கொடுத்தார். ஷீலாவின் போனைக் கொடுக்கையில் மட்டும் முகத்தைப் பார்க்காமல், "நாற்காலியெல்லாம் அடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

வாசலில் சிட்டாள் ஆச்சி காரில் ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

"டீச்சர், நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுல ஒரு நிமிஷம் சும்மா உக்காராதவன், உங்க மேகத்துக்கு எப்பிடி இருந்தான் பாத்தீகளா?"

"நன்றி ஆச்சி. சங்கு விஷயம் நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

"அதை விடுங்க. ஆமா, திங்கக்கிழமையில இருந்து உங்க வீட்டுக்காரர்தான் வகுப்பு எடுக்கப் போறாராமே? குரூப்புல பாத்தேன். நீங்களே எடுக்கலாம்ல?"

ஷீலா ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தாள். கார் போனதும் போனைத் திறந்தாள்.

பெற்றோர் குரூப். மெர்சி, சகாய ஆண்டனியைச் சேர்த்திருந்தார். அதற்குக் கீழே செய்தி.

'அன்பான பெற்றோர்களுக்கு. வரும் திங்கட்கிழமை முதல் நம் பள்ளியில் கீபோர்டுடன் இசை வகுப்பு. பயிற்சி அளிப்பவர் திரு. சகாய ஆண்டனி, பதினான்கு வருட அனுபவம் உள்ளவர்.'

நேரம் காலை 7.41.

7.43க்கு ஆண்டனி கும்பிடுகிற கை ஒன்று போட்டிருந்தார்.

ஷீலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு நாற்பத்து மூன்றுக்கு அவள் அடுப்படியில் அவருக்கு மூன்றாவது தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் போனைப் பார்த்துச் சிரித்தார். பத்து நாளைக்கு அப்புறம் சிரிக்கிறாரே என்று அவளுக்குக்கூட மனசு நிறைந்தது. இன்னொரு தோசை வைத்தாள்.

மரத்தடியில் ஆண்டனி கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெர்சி.

"இது என்னங்க?"

அவர் போனைப் பார்த்தார். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

"அக்காதான் நேத்து சாயங்காலம் கேட்டாக. வேணாம்னு எப்பிடிச் சொல்றது? வீட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான்... நீ பாட்டுச் சொல்லிக் குடு, நான் வாசிக்கிறேன். நமக்குள்ள யாரு எடுத்தா என்ன ஷீலா?"

"தபால் ஆபீஸ்?"

"பத்து மணிக்குத்தானே. முதல் பீரியடா வச்சுக்கலாம்னு அக்கா சொன்னாக."

நேரம் வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள்.

"ஷீலா, நீ இதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் மெர்சி. "பெத்தவுக கீபோர்டு இருக்கான்னு கேக்குறாக. ஏப்ரல்ல அட்மிஷனுக்கு நான் என்னத்தைக் காட்டுறது? முறத்தையா? இன்னைக்குச் சங்கு ஊதி என் மானம் போச்சு. நாளைக்கு இன்னொண்ணு நடந்தா யாரு பதில் சொல்றது? ஆம்பளை ஒருத்தர் பொறுப்புல இருந்தா பேசுறவுகளும் கொஞ்சம் யோசிப்பாக."

"சங்கு ஊதுனது பத்தே முக்காலுக்கு மதினி. நீங்க இதைப் போட்டது ஏழே முக்காலுக்கு."

மெர்சி சாவிக்கொத்தைக் கை மாற்றினார்.

"அப்ப இன்னைக்கு எதுக்கு இந்த நிகழ்ச்சி? எதுக்கு நான் அத்தனை பேர் முன்னாடி நின்னேன்?"

"எல்லாருக்கும் சொல்லிட்டோமே. எப்பிடி நிறுத்துறது?"

ஷீலா புருஷனின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு வேணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாமேங்க. நான் குடுத்திருப்பேன்."

சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று அவளுக்கே தெரிந்தது. அந்தச் சத்தமில்லாத டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர் வாய் திறந்து கேட்டிருந்தால், வாரத்தில் ஒரு பீரியட் என்ன, மூன்றையும் கொடுத்திருப்பாள். கையைப் பிடித்துப் பிள்ளைகள் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பாள். அது தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று.

"ஷீலா, நான் பத்து நாளா..." என்று ஆரம்பித்தார் ஆண்டனி.

"தெரியும். பத்து நாளா நானும் அந்த வீட்டுலதான் இருக்கேன். உங்க இடத்தைக் கேக்காம எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்தப்ப எப்பிடி இருந்துச்சு உங்களுக்கு?"

ஆண்டனி கீபோர்டு பையைப் பார்த்தார்.

"வீட்டுப் பேச்சை வீட்டுல போய்ப் பேசுங்க" என்றார் மெர்சி. "பள்ளிக்கூடத்துல வேணாம்."

"இது பள்ளிக்கூடத்துப் பேச்சுதான் மதினி."

ஷீலா போனில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

'பெற்றோர்களுக்கு வணக்கம். திங்கட்கிழமை இசை வகுப்பை வழக்கம்போல் நான்தான் எடுக்கிறேன். பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து சத்தம் வருகிற ஒரு பொருளைக் கொடுத்து அனுப்பவும். ஆரோக்கிய ஷீலா, யு.கே.ஜி.'

ஆண்டனி எட்டிப் பார்த்தார்.

"ஏய், வேணாம். அக்கா போட்டதுக்குக் கீழேயா? எல்லாரும் பாப்பாக ஷீலா!"

"பாக்கட்டும்."

அனுப்பினாள்.

மெர்சியின் கையிலிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஆண்டனியின் சட்டைப் பையிலும் அதிர்ந்தது. அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் குனிந்து படித்தார்கள். ஷீலா அவர்கள் தலை நிமிரும் வரை அங்கேயே நின்றாள்.